அசையாமல் ஜெயித்த கோப்பை

ரத்தினபாய் அக்காவின் கூல்பாரில் அன்று ஒரே ஒரு டிக்கெட்தான் இருந்தது. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐகோர்ட் துரை அண்ணாச்சி, இன்னொருவன் நான்.

மறுநாள் திருநெல்வேலியில் தென்கடல் பிரீமியர் லீக் இறுதி ஆட்டம். எங்கள் தூத்துக்குடி அணியான முத்துநகர் சுறாக்கள் தொடர்ந்து இரண்டாவது வருஷமாக இறுதிக்கு வந்திருந்தது. டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. அக்காவின் தம்பி அந்த மைதானத்தில் கேண்டீன் நடத்துகிறான், அவன் கொடுத்துவிட்ட டிக்கெட் இது. கடையைப் போட்டுவிட்டு அக்காவால் போக முடியாது. அதனால் அதைச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"யாரு போனா நம்ம டீமுக்கு நல்லது? ஆளுக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. கேட்டுட்டுக் குடுக்கேன்."

எனக்கு அந்த டிக்கெட் வேண்டும். வெட்கத்தை விட்டே சொல்கிறேன், பிச்சை எடுத்தாவது வேண்டும். உப்புக் கம்பெனியில் லாரி எடை போடுகிற வேலை எனக்கு. அணி தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட மைதானத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆட்டம் என்றைக்கோ அன்றைக்குத்தான் கம்பெனிக்கு லாரி வரும். நாளைக்கு அதிசயமாக எனக்கு விடுமுறை.

"அக்கா, நான் ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்லக்கா" என்றேன். என் நியாயம் அவ்வளவுதான்.

"பாத்ததே இல்லாதவன் போயி என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்றார் அண்ணாச்சி. டிவிக்கு நேர் எதிரே, காற்றாடிக்குக் கீழே இருந்த நாற்காலி அவருக்கே எழுதி வைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தார். "போன வருசம் கப்பை ஜெயிச்சுக் குடுத்ததே நாந்தான்."

போன வருஷம் அண்ணாச்சி சுறாக்களின் பஸ்ஸை ஓட்டினார் என்பது மட்டும் உண்மை. இந்த வருஷம் அணி ஏசி பஸ்ஸுக்கு மாறியதில், அந்தப் பஸ்ஸோடு அதன் டிரைவரும் வந்துவிட்டார். அண்ணாச்சி இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சட்டைக்கு மேலே சுறா படம் போட்ட பழைய பனியனை இன்னும் கழற்றவில்லை.

"அப்படி என்ன செஞ்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமே செய்யல. சும்மா இருந்தேன். விசயமே அதாம்."

பன்னீர் சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆட்டோக்கார மரியதாஸுக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காதவே. முதல்ல கேளு. சீசன் ஆரம்பிச்சு ஒரு மேட்ச்சும் ஜெயிக்கல. எல்லாத்துலயும் அடி. முதலாளி, இன்னும் ஒண்ணு தோத்தா டீமை வித்துட்டுக் கருவாட்டு யாவாரத்துக்குப் போறேன்னு சொல்லிட்டாவ. அடுத்த மேட்ச் சேலத்துல. பையனுவ மைதானத்து ஓரம் டீம் உக்காருத பந்தல்ல மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கானுவ. நானும் ஓரத்து நாற்காலியில உக்காந்தேன். முதுகுல அரிச்சுது. கைய இப்படி மேல தூக்கிச் சொறியப் போனேன் பாத்துக்கிடுங்க, நம்ம ஜமைக்காக்காரன் டெல்ராய் ஒரு சிக்ஸர் அடிச்சான். அடுத்த பந்தும் சிக்ஸர். கேப்டன் மதிவாணன் திரும்பிப் பாத்து, 'அண்ணாச்சி! அப்படியே இருங்க! அசையாதீங்க!'ன்னு அலறிட்டான்."

இதில் மட்டும் எங்களில் யாரும் சிரிக்கவில்லை. நம் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் நின்று அடிக்கத் தொடங்கிவிட்டால், பார்க்கிறவன் இடம் மாறக் கூடாது. நின்றவன் நிற்க வேண்டும், குனிந்தவன் குனிந்தே இருக்க வேண்டும். என் சித்தப்பா ஒரு முறை வேட்டியைப் பாதி கட்டிய நிலையில் பதினைந்து ஓவர் நின்றிருக்கிறார். யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய் விக்கெட் விழுந்தால், அந்த வீட்டில் அவருக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

"கை மேல, விரலு முதுகுல. அப்படியே இருந்தேன். ஜெயிச்சாச்சு" என்றார் அண்ணாச்சி. "நான் கைய இறக்கப் போறேன். மதிவாணன் கால்ல விழுந்துட்டான். 'அண்ணாச்சி, சீசன் முடியற வரைக்கும் இறக்காதீங்க'ங்கான்."

"அப்போ பஸ்ஸை யாரு ஓட்டினா?" என்றேன் நான். மடக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"நாந்தான். ஒரு கை முதுகுல, ஒரு கை ஸ்டியரிங்குல."

"ஸ்டியரிங்கைத் திருப்பினா அசையத்தான செய்யும்?"

"அதான் திருப்பலயே! நேர் ரோடுன்னா விட்டுருவேன். வளைவு வந்தா டெல்ராய் எறங்கிப் பஸ்ஸைத் தூக்கித் திருப்பி வைப்பான். அந்தப் பயலுக்குத் தோள் அவ்வளவு பலமானது அப்படித்தான். நீ பேட்டிங் பயிற்சின்னு நெனச்சியாக்கும்?"

மரியதாஸ் சோடாவைக் கீழே வைத்துவிட்டான். குடித்துக்கொண்டே கேட்கிற கதை இல்லை இது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்குள்ள ஒரு சோதனை. சேலத்துல மேட்ச் முடியுத நேரத்துல எனக்குத் தும்மல் வந்துட்டு. தும்மினா ஒடம்பு அசையும்லா? மூக்கு நுனி வரைக்கும் வந்ததை உள்ளயே நிறுத்திட்டேன்."

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"சேலத்துல வந்த தும்மல். திண்டுக்கல் மேட்ச்ல போட்டேன்."

"எப்பா!"

"அதுவும் நம்ம பேட்டிங் முடிஞ்ச பொறவுதான் போட்டேன். போட்டேன் பாரு ஒண்ணு! எதிர்க்கட்சியில ரெண்டு பேருக்கு ஸ்டம்பு பறந்துட்டு."

"ஒரே பந்துலயா?" என்று அக்கா கேட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

"பந்தே போடலம்மா. பவுலர் அப்பத்தான் ஓடியாரான். அம்பயரு என்னைப் பாத்தாரு, ஸ்டம்பைப் பாத்தாரு, வெரலத் தூக்கிட்டாரு. பெரிய மனுசன்."

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை. அக்கா கேட்கிறாளே என்பதற்காக. அவள் கண் இரண்டு தடவை சீனி டப்பா பக்கம் போனதை நான் பார்த்தேன். என் நியாயம் ஒரு வரியில் முடிந்து போனது, இவர் நியாயம் இப்போதுதான் திண்டுக்கல்லையே தாண்டியிருக்கிறது.

"அதுக்கு அடுத்த மேட்ச்லதான் மைனா வந்துச்சு" என்று தொடர்ந்தார். "தூக்கின கை அசையாம நிக்குதா, மரக்கிளைன்னு நெனச்சுட்டுது. மடிச்ச முழங்கையில கூடு கட்டி முட்டை வச்சுட்டு. நான் என்ன செய்ய? விரட்டினா விக்கெட் போயிரும். லீக் மேட்ச் முடியதுக்குள்ள மூணு குஞ்சு பொரிச்சாச்சு. அதுக பொறந்ததுல இருந்து கிரிக்கெட்டத் தவிர வேற எதையும் கண்டதில்லயா, நாலு ரன்னு போனா கழுத்தை இப்படி இப்படி ஆட்டும். சிக்ஸர்னா ரெண்டு றெக்கையையும் மேல தூக்கும். ஸ்கோர் போடுதவன் பொறவு அம்பயரப் பாக்கதையே விட்டுட்டான். குஞ்சைப் பாத்துத்தான் போடுவான்."

"நோ-பால்னா?" என்றான் மரியதாஸ்.

"தாய் மைனா வந்து சொல்லும். குஞ்சுகளுக்கு அந்த அளவுக்கு விவரம் பத்தாதுல்லா."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என் டிக்கெட் என்னைவிட்டு ஒரு அடி தள்ளிப் போனது மாதிரி இருந்தது. நான் டிவியைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், திரையில் ஓடிக்கொண்டிருப்பது போன வருஷத்து இறுதி ஆட்டம். நாளைய ஆட்டத்துக்கு முன்னோட்டமாகப் பழையதைத் திரும்பப் போடுகிறார்கள். கோவையின் கொங்கு காளைகளோடு சுறாக்கள் மோதுகிறார்கள். எங்கள் பேட்டிங், கடைசிக்கு முந்தைய ஓவர்.

"அண்ணாச்சி, இந்த மேட்ச்லயும் நீங்க அப்படித்தான் இருந்தீங்களோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தேன் மாதிரி இருந்தது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். ஒரு நொடிதான் யோசித்தார்.

"இதுலதான்வே முக்கியமா இருந்தேன்! காளைப் பயலுவளுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. பவுலிங்கைப் பத்தி அவனுவ யோசிக்கவே இல்ல. இந்த ஆளை எப்படி எழுப்பதுன்னுதான் மூணு நாளா மீட்டிங். முதல்ல நம்ம ஊரு முந்திரி மக்ரூன் ஒரு கூடை வாங்கிக் காலடியில வச்சானுவ. நான் மூச்சை இழுக்கதையே நிறுத்திட்டேன். பொறவு தீப்பிடிச்சுட்டுன்னு கத்தினானுவ. பந்தல்ல இருந்த அம்புட்டு பேரும் ஓடிட்டான். நான் இருந்தேன். கடைசியா என்ன செஞ்சானுவ தெரியுமா? நாசரேத்துக்குக் காரனுப்பி எங்க மாமியாரக் கூட்டியாந்து முன்னால நிறுத்திட்டானுவ."

"அய்யய்யோ" என்றாள் அக்கா.

"மாமியாரு வந்து நிக்காவ. மருமகன் எந்திரிக்கணுமா வேண்டாமா? முதுகுல வெரல வச்சுக்கிட்டு, முழங்கையில மைனாவோட, வாங்க அத்தைன்னுகூடச் சொல்லாம இருந்தேன்மா. அன்னைக்குப் போனவங்கதான். இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேச்சுவார்த்தை கெடையாது. ஊருக்கு ஒரு கப்பு வரணுமேன்னு அதையும் தாங்கிக்கிட்டேன்."

"இதை வெளிய சொல்லாதீங்க. நாளைக்கு ஆளாளுக்கு அசையாம உக்காந்துருவான்" என்றான் மரியதாஸ். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்.

"கடைசிப் பந்து. ஜெயிக்கப் பதினெட்டு ரன் வேணும்" என்றார் அண்ணாச்சி.

"ஒரு பந்துல பதினெட்டா?" நான் எழுந்தே விட்டேன். "ஆறுக்கு மேல எப்படி அண்ணாச்சி வரும்?"

"உக்காருவே. கேட்டு முடிக்கதுக்கு முன்னாடி எந்திரிக்கப்பிடாது. டெல்ராய் தூக்கி அடிச்சான். பந்து நேரா மேல போச்சு. போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருக்கு. கீழ நிக்கவன் கைய விரிச்சுட்டு அண்ணாந்து பாத்துட்டே இருக்கான். இவனுவ ரெண்டு பேரும் ஓட ஆரம்பிச்சானுவ. பத்து ரன் ஓடி, நடுவுல நின்னு தண்ணி குடிச்சு, பேட்டை மாத்தி, மிச்ச எட்டையும் ஓடி முடிச்சுட்டானுவ. அதுக்குப் பொறவுதான் பந்து எறங்குச்சு. மேல அம்புட்டு குளிரு போல, பந்து மேல பனிக்கட்டி. கேட்ச் புடிக்க நின்னவன் நின்ன வாக்குலயே தூங்கிட்டான். தலையில விழுந்து முழிச்சு, காலை வணக்கங்கான்."

இந்த இடத்தில்தான் டிவியிலும் கடைசிப் பந்து வந்தது. கடையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். திரையின் கீழே தெளிவாகப் போட்டிருந்தது: ஒரு பந்து, இரண்டு ரன் தேவை.

"ரெண்டுதான் போட்டிருக்கு அண்ணாச்சி" என்றேன். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை.

"சுருக்கிப் போடுதான்வே. பதினெட்டையும் காட்டினா விளம்பரம் எப்பப் போடுவான்?"

டெல்ராய் தட்டிவிட்டு இரண்டு ஓட்டம் ஓடினான். சுறாக்கள் ஜெயித்தார்கள். போன வருஷம் பார்த்த அதே ஜெயம்தான் என்றாலும் நாங்கள் கை தட்டினோம். உடனே கேமரா பந்தலுக்குத் திரும்பியது. வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மதிவாணன் அழுதுகொண்டிருந்தான்.

"ஓரத்து நாற்காலிதான சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா.

கேமரா மெல்ல நகர்ந்து ஓரத்து நாற்காலிக்கு வந்தது. வந்து, அங்கேயே நின்றது. நாற்காலியில் ஒரு ஈரத் துண்டு கிடந்தது. வேறு யாரும் இல்லை, எதுவும் இல்லை.

மரியதாஸ் என்னைப் பார்த்தான், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி சுறா பனியனை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனால் அது வீண்.

"பாத்தியளா!" என்று அவர் தொடையில் தட்டினார். "இப்பமாவது நம்புதியளா? கேமராக்காரங்கிட்ட அன்னைக்கே கேட்டேன், ஏம்ப்பா என்னை எடுக்கலன்னு. 'அண்ணாச்சி, கொஞ்சமாவது அசைஞ்சாத்தான் கேமராவுல விழும். நீங்க இருந்த இருப்புக்கு மிசினே உங்களைக் கண்டுபிடிக்கல'ன்னு சொல்லிட்டான். கேமராவுக்கே தெரியலங்கேன்! மனுசக் கண்ணுக்கா தெரியும்? பக்கத்துல இருந்தவன் எம்மேலதான் துண்டை உருவிப் போட்டான். அங்க கெடக்கு பாரு, அது எம் மடியிலதான் கெடக்கு!"

மரியதாஸ் எழுந்து அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன நியாயம் சொல்ல முடியும்?

அக்கா சீனி டப்பாவைத் தூக்கி டிக்கெட்டை எடுத்தாள். ஒட்டியிருந்த சீனியை ஊதிவிட்டு, என் கையில் வைத்தாள்.

"எம்மா, அப்போ எனக்கு?" என்று அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்க நாளைக்கும் அதே மாதிரி அசையாமப் போயிருங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா, பழம் பிழிவதைத் தொடர்ந்துகொண்டே. "கண்ணுக்கே தெரியாத ஆளை எந்தக் கேட்டுக்காரன் டிக்கெட் கேக்கப் போறான்?"