வாங்கின விலைக்கே விற்றவள்

கணக்கில் கெட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். முழம் முப்பது ரூபாய்க்குப் பூ வாங்கி, முழம் முப்பது ரூபாய்க்கே விற்று, எட்டு வருஷம் குடும்பம் நடத்திய ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இதில் களவும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

முதலில் அவளுக்குப் பூக் கொடுத்தவளைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் சண்முகவடிவு என்று ஒருத்தி. தன் வீட்டு நிலைவாசலிலேயே குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். உதிரிப்பூ வாங்கித் தொடுத்து, பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து விற்கும் பெண்களுக்கு மொத்தமாகக் கொடுக்கலாம் என்று தொழில் ஆரம்பித்தாள். மொத்த விலை சில்லறை விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் முழம் முப்பது என்றால் அவளும் முப்பது என்றாள். கூடைக்காரிகள் சிரித்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் வரை ஒரு முழம்கூடப் போகவில்லை. கடன் வாங்கிப் போட்ட முதல் கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தது.

பிச்சம்மாள் ஒருத்திதான் நின்றாள். குள்ளமான மனுஷி. பஸ்ஸில் இருப்பவர்களுக்குப் பூக் கொடுக்கவே பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டி அவர்களைக் குனியச் சொல்ல வேண்டும்.

"பூ வாடிருமே, குடு தாயி. எனக்கு லாபம் வேண்டாம்."

சண்முகவடிவு தன் கையால் பத்து முழம் அளந்து கொடுத்து முந்நூறு வாங்கிக்கொண்டாள். பிச்சம்மாள் அதைத் தன் கையால் முழம் போட்டு, அதே முப்பதுக்கு விற்றாள். சாயங்காலம் திரும்பி வந்தாள்.

"அறுபது ரூவா கூட இருக்கு. எண்ணாம குடுத்திட்டியா?"

"பத்துதான்க்கா குடுத்தேன்."

மறுநாளும் அறுபது. உன் கை ராசி என்றாள் பிச்சம்மாள். நீ செய்த போணி என்றாள் சண்முகவடிவு. அதற்குமேல் இருவரும் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை; ராசியைக் கிளறினால் போய்விடும் என்ற பயம்தான். இதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்க வந்தார்கள். எல்லோரும் சண்முகவடிவின் தோளுக்குத்தான் இருப்பார்கள். எல்லோருக்கும் ஏதோ மிஞ்சியது. தொழில் நிலைத்தது. காலையில் கூடை எடுக்கும்போது அவளை ஒரு வார்த்தை வாழ்த்தாமல் யாரும் போக மாட்டார்கள்.

போன ஆவணியில் மாடத்தி வந்தாள். புருஷன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. மாடத்தி தரையில் நின்றபடியே பஸ் ஜன்னலுக்குள் பூவை நீட்டுவாள். ஒருமுறை வாங்கினவர்கள் மறுபடி அவளைத்தான் தேடி வந்தார்கள். அவளும் பத்து முழம் வாங்கினாள், முப்பதுக்கு விற்றாள். மத்தியானத்துக்குள் கூடை காலி. கையில் சரியாக முந்நூறு. ஒரு ரூபாய் கூட அதிகம் இல்லை. இருபது நாள் இப்படியே போனது. கம்மலை அடகு வைத்துச் சாப்பிட்டாள்.

புருஷனை முழுங்கினவளுக்கு ராசி எங்கே ஒட்டும் என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்த அன்று மாடத்தி கூடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"எங் கையிலதான் ஏதோ தோஷம் போலக்கா. செங்கச் சூளைக்குப் போறேன், பிள்ளையையும் கூட்டிக்கிட்டு."

சண்முகவடிவு கூடையை வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த சரத்தை எடுத்து நீட்டினாள். "நீ எப்படி முழம் போடுவ? போட்டுக் காட்டு."

மாடத்தி போட்டாள். அதே சரத்தைப் பக்கத்தில் நின்ற பிச்சம்மாளையும் போடச் சொன்னாள். பார்த்துக்கொண்டே இருந்தாள் சண்முகவடிவு. பிறகு சிரித்தாள், கண் கலங்கியும் இருந்தது.

"நாளையிலருந்து பத்துக்குப் பணம் குடு, பன்னெண்டு எடுத்துட்டுப் போ."

சண்முகவடிவின் புருஷன் அணஞ்சபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே பணத்துக்கு இவளுக்குப் பன்னெண்டு, எட்டு வருஷமா வாங்குற பிச்சம்மாளுக்குப் பத்தா? இது என்ன நியாயம்?"

பிச்சம்மாள்தான் பதில் சொன்னாள். "குடுக்கட்டும்யா. எனக்குத்தான் முதல் நாள்லருந்தே குடுத்துட்டு வாராளே."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிச்சம்மாளுக்கு அந்த அறுபது எங்கிருந்து வந்தது? மாடத்தியின் அறுபது எங்கே போனது? அணஞ்சபெருமாள் கேட்டது சரியா, சண்முகவடிவு செய்தது சரியா?

விடை: சண்முகவடிவின் கை நீளம், பிச்சம்மாளின் கை குட்டை. அவள் அளந்த பத்து முழம் இவள் கைக்குப் பன்னிரண்டு. விலையைக் குறைக்கத் தெரியாதவளுக்குப் பதிலாக அவள் கையே கூடுதலாக அளந்து கொடுத்திருக்கிறது. மாடத்தியின் கையோ சண்முகவடிவின் கை அளவு. பத்து பத்தாகவே நின்றது. அவளுடைய அறுபது ரூபாய்ப் பூ, வாங்கினவர்கள் தலைக்குப் போயிற்று. அவர்கள் திரும்பத் திரும்ப வந்ததும் அதனால்தான். அணஞ்சபெருமாள் பூவை எண்ணியதில் தப்பில்லை. ஆனால் கூடை சுமக்கிறவளுக்குக் கூலி மிஞ்சாத விலை மொத்த விலை ஆகாது. அதனால் நான் சண்முகவடிவு பக்கம். மறுநாள் சாயங்காலம் மாடத்தி அறுபது ரூபாயைக் கொண்டுவந்து காட்டினாள். "இருபது நாளா எங் கையத்தான்க்கா திட்டிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லி, சண்முகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.