விசில் கயிற்றைத் தின்ற ஆடு

“ஏட்டம்மா, எனக்கு என்ன குறை?” என்று பூவராகன் கேட்டான்.

ஏட்டம்மா டம்ளரில் மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“குறை இருக்குன்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலை. ஆனா என் பேரை நீங்க எழுதலை.”

பூவராகன் சப் இன்ஸ்பெக்டர் பயிற்சியில் இருந்தான். தலைமைக் காவலர் பிலோமினா அந்தப் பயிற்சிப் பள்ளியில் கவாத்து சொல்லிக்கொடுப்பவர். எல்லோருக்கும் ஏட்டம்மா. வயதில் பூவராகனைவிட ஒன்று இளையவர்.

இன்னும் சில நாளில் அவன் தோளில் நட்சத்திரம் ஏறிவிடும். அன்றிலிருந்து ஏட்டம்மாதான் அவனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். அதுவரை அவர் நில் என்றால் அவன் நிற்க வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும். இப்படிப்பட்ட குருவும் சீடனும் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் மட்டும்தான் கிடைப்பார்கள்.

விஷயம் இதுதான். பயிற்சி முடிந்து நடக்கும் அணிவகுப்பில் ஒருவர் மட்டும் கையில் வாளோடு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். அவர் யார் என்று வியாழக்கிழமை நாலு மணிக்கு பிரின்சிபால் முடிவு செய்வார். முடிவு செய்வதற்கு முன் ஏட்டம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். இது மைதானத்துப் புல்லுக்குக்கூடத் தெரியும்.

இன்று செவ்வாய்க்கிழமை. ஏட்டம்மா எழுதிய பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. பூவராகன் பெயர் இல்லை.

“வாராவாரம் உடைச் சோதனையில முதல் மார்க் எனக்குத்தான்,” என்றான்.

“ஆமா.”

“ஒரு தடவைகூட மார்க் குறைஞ்சதில்லை.”

“குறைஞ்சதில்லை.”

“அப்புறம்?”

ஏட்டம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவன் பெருமையில் பொய் இல்லை. போலீசுக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்குச் சேலையும் வேட்டியும் சட்டையும் மாட்டிவிடும் வேலை. துணியை மடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் காக்கிச் சட்டையின் மடிப்பில் ஈ உட்காரக்கூட யோசிக்கும்.

வேலையை விட்ட அன்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். “இத்தனை நாள் பொம்மைக்குத் துணி போட்டே. இனிமே நீயே பொம்மையா நிக்கப்போறே.”

கடையே சிரித்தது. பூவராகனும் சிரித்துவைத்தான். ஆனால் வருஷம் ஒன்றாகியும் அந்தச் சிரிப்பு அவனுக்குச் செரிக்கவில்லை.

அந்த முதலாளிதான் கடை ஆட்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு அணிவகுப்புக்கு வருகிறார். முன்னால் வாளோடு நடந்தால் கணக்கு தீர்ந்தது. நாலாவது வரிசையில் ஏழாவது ஆளாக நடந்தால் அவர் தேடிக் கண்டுபிடித்து, மறுபடியும் அதையே சொல்வார்.

மறுபடியும் ஏட்டம்மாவைத் தேடிக்கொண்டு போனான். அவர் வாசல் காவல் கூண்டருகே இருந்தார்.

அங்கே ஓர் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதன் தலைமாட்டில் சிவப்பு எழுத்தில் ‘என் உடை சரியாக இருக்கிறதா?’ என்று எழுதியிருக்கும். வெளியே போகிறவர்கள் அதன் முன் அரை நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். பூவராகன் நாலு நிமிஷம் நிற்பான். பின்னால் வரிசை சேர்ந்துவிடும்.

அன்றும் நின்றான்.

ஏட்டம்மா ஒரு பழைய கம்பளியை எடுத்துவந்து கண்ணாடிமேல் போர்த்தினார்.

“கண்ணாடிக்கு லீவு,” என்றார். “கடைத்தெருவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. வந்து உங்க உடை எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

“கண்ணாடி இல்லாம எப்படித் தெரியும்?”

“போயிட்டு வாங்க.”

போனான். ஒரு மணி நேரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தான்.

“பிரமாதமா இருந்துச்சு, ஏட்டம்மா.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“என்னைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் சட்டைப் பட்டனைப் போட்டார். பைக்ல மூணு பேரா வந்ததுல ஒருத்தன் குதிச்சு, நடந்து வர்றவன் மாதிரி நடந்தான். வாழைப்பழக்காரர் வண்டியை ரெண்டு அடி பின்னால தள்ளினார். டீக்கடையில பாட்டுச் சத்தத்தைக் குறைச்சாங்க. ஒருத்தர் சும்மா நின்னவர், சீப்பை எடுத்துத் தலை வாரினார்.”

“சரி. எல்லாரும் அவங்கவங்க உடையைச் சரி பண்ணிக்கிட்டாங்க. உங்க உடையை யாரு பார்த்தா?”

பூவராகன் கம்பளி போர்த்திய கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான்.

ஏட்டம்மா கம்பளியின் ஓரத்தைத் தூக்கி, சிவப்பு எழுத்தைக் காட்டினார்.

“இன்னைக்குக் கடைத்தெருவுல இந்த எழுத்து எங்கே இருந்துச்சு?”

பூவராகனின் கை தன்னை அறியாமல் நெற்றிக்குப் போனது. தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது.

“நாளைக்கும் போங்க,” என்றார் ஏட்டம்மா.

அன்று படுக்கையில் புரண்டு யோசித்ததில் அவனுக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. ஜனங்கள் பயப்படுகிறார்கள். காரணம், முகம். துணிக்கடையில் வாடிக்கையாளரைப் பார்த்ததும் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவனிடம் புத்தம்புதிதாக இருந்தது.

புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினான்.

“என்ன இது?” என்றார் ஏட்டம்மா.

“பழக்காரரைப் பார்த்துச் சிரிச்சேன். ‘ஐயா, நேத்தே வண்டியைத் தள்ளிட்டேனே, இன்னும் என்ன?’ன்னார். இன்னும் நல்லாச் சிரிச்சேன். இதைக் கையில திணிச்சுட்டு வண்டியோட சந்துக்குள்ள ஓடிட்டார். திருப்பிக் கொடுக்கலாம்னு பின்னால போனேன். அவர் இன்னும் வேகமா ஓடினார்.”

ஏட்டம்மா சிரித்தார். சுவரில் கை ஊன்றி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கவாத்து மைதானத்தில் ஒருநாளும் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“நாளைக்குப் பழத்தைக் கொடுத்துட்டு வாங்க.”

“நாளைக்கு நாலு மணிக்குத் தேர்வு இருக்கு, ஏட்டம்மா.”

“மூணு மணிக்கெல்லாம் வந்துடலாமே.”

வியாழக்கிழமை சந்தை நாள். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பூவராகன் புதிதாகக் கஞ்சி போட்ட சட்டையும், துலக்கிய பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட்டும், தோளில் புது விசில் கயிறுமாகக் கிளம்பினான். தெருவோரமாக, சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தான்.

பழக்காரர் தூரத்திலேயே கும்பிட்டார். “நேத்து பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்கங்க,” என்று பழத்தை வண்டியில் வைத்தான். சிரிக்கவில்லை. பழக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

மணி இரண்டரை. திரும்பினான்.

“இந்தாப்பா, இதைக் கொஞ்சம் பிடி.”

கையில் ஒரு கயிறு வந்து விழுந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு கிடா நின்றது. கொடுத்த பெண்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்தைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னொரு ஆடு ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா,” என்று கூப்பிட்டான். அவள் காதில் விழவில்லை. ஆடுதான் திரும்பிப் பார்த்தது.

பத்து நிமிஷம் ஆனது. ஆடு வடக்கே இழுத்தது. அவன் தெற்கே இழுத்தான். இருவரும் சேற்றில் இறங்கினார்கள். முழங்காலில் ஒரு குளம்பு பதிந்தது.

மூன்று மணி. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். யாரிடமாவது கயிற்றைக் கொடுத்துவிட்டு ஓடினால் சரியான நேரத்துக்குப் போய்விடலாம். உடை மாற்றக்கூட நேரம் இருக்கும். ஒரு வியாபாரி, “நான் பார்த்துக்கறேன் ஐயா, நீங்க போங்க,” என்று கையை நீட்டினார். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். பூவராகன் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டான்.

முதலாளி சிரிப்பது கண்முன் வந்தது. அழுகை வரும்போல இருந்தது. ஆடு அவன் மேல் காலை வைத்து நின்று விசில் கயிற்றைத் தின்னத் தொடங்கியது. தடுக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.

மூன்றரைக்கு அவள் மற்ற ஆட்டை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்தாள்.

“என்னம்மா, நீங்க பாட்டுக்குக் கையில கொடுத்துட்டுப் போயிட்டீங்களே. நான் யாருன்னு தெரியுமா?”

“போலீசு,” என்றாள்.

“பயமா இல்லையா?”

“எதுக்குப் பயம்? போலீசு நிக்கவேதானே கொடுத்துட்டு ஓடினேன். இந்தச் சந்தையில வேற யாரை நம்பி விட்டுட்டுப் போறது? திரும்பி வந்தா ஆடு இருக்கணுமில்ல?”

பிறகுதான் அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள்.

“ஐயையே, சட்டையெல்லாம் வீணாப்போச்சே.”

முந்தானையால் தோளில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். திரும்பியிருந்த காலரை இழுத்து நேராக்கினாள்.

“இப்ப சரியா இருக்கு. போய்ட்டு வா, சாமி.”

பூவராகன் ஓடினான். வாசலில் கண்ணாடிமேல் கம்பளி இல்லை. அவன் நிற்காமல் அதைக் கடந்து ஓடினான்.

மைதானத்தில் எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் கடைசியில் போய் நின்றான். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

பிரின்சிபால் நடந்துவந்து அவன் முன்னால் நின்றார். ஷூவிலிருந்து ஆரம்பித்து மேலே பார்த்தார். சேறு, குளம்படி, மறுபடி சேறு. தோளில் இரண்டு அங்குலக் கயிறு தொங்கியது. வாடையும் இருந்தது.

“என்னய்யா இது?”

“ஆடு, ஐயா.”

பிரின்சிபால் ஏட்டம்மாவைப் பார்த்தார். ஏட்டம்மா முன்னால் வந்தார்.

“முழுசாச் சொல்லுங்க,” என்றார்.

பூவராகன் அட்டென்ஷனில் நின்றபடியே சொன்னான். “‘இந்தாப்பா, இதைக் கொஞ்சம் பிடி’ன்னு ஒரு அம்மா கயிற்றைக் கையில கொடுத்துட்டு ஓடினாங்க,” என்று ஆரம்பித்தான். கைக்கடிகாரத்தைப் பதினோரு தடவை பார்த்ததையும், அழுகை வந்ததையும்கூட விடவில்லை.

“யார்கிட்டயாவது விட்டுட்டு வந்திருக்கலாமே?” என்றார் பிரின்சிபால்.

“நிறையப் பேர் இருந்தாங்க, ஐயா. அந்தம்மா அவங்க யார்கிட்டயும் கொடுக்கலை.”

பிரின்சிபால் வழக்கம்போல ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

ஏட்டம்மா மேசையருகே போனார். பட்டுத்துணியில் வைத்திருந்த வாளை எடுத்தார். திரும்பி வந்து, நேராக இருந்த அந்தக் காலரை ஒரு தடவை பார்த்தார். வாளை நீட்டினார்.

“இந்தாங்க,” என்றார். “இதைக் கொஞ்சம் பிடிங்க.”