மரங்கொத்தி வித்வான் ஊர் தேடிய கதை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட! அங்கே மூலையில் சாய்ந்துகொண்டால் மரங்கொத்தி தட்டுவது காதில் விழாது.

கொண்டையப்பன் என்று ஒரு மரங்கொத்தி. மரம் தட்டுவதில் பெரிய வித்வான். புழு தேடித் தட்டுவது வேறு, அது எல்லா மரங்கொத்தியும் தட்டுவது. இவன் தட்டினால் தாளம். காய்ந்து உள்ளே கூடாகிப்போன மரம் ஒன்று கிடைத்தால் போதும். உச்சியில் ஓர் ஓசை, நடுவில் ஓர் ஓசை, அடியில் ஓர் ஓசை என்று ஏழு ஓசையையும் எடுத்துவிடுவான். கல்யாணம், காதுகுத்து, குயில் பாட்டுக்குப் பக்கவாத்தியம், எல்லாவற்றுக்கும் போவான். விசேஷ வீட்டுக்காரர்கள் புழுவும் எறும்பு முட்டையும் கொடுப்பார்கள். அதுதான் பிழைப்பு.

ஒரே ஒரு சங்கடம். குழல் ஊதுகிறவன் குழலை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவான். இவன் மரத்தைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மரத்தில்தான் வாசித்தாக வேண்டும்.

ஒரு சித்திரை மாதத்துச் சூறைக்காற்றில் அவன் மரம் விழுந்தது. வாத்தியமும் போயிற்று, அதில் குடியிருந்த பொந்தும் போயிற்று. பெண்டாட்டி செம்பி முட்டையிடுவதற்கு இன்னும் பத்தே நாள்!

"ஏங்க, சீக்கிரம் ஒரு ஊரைப் பாருங்க. முட்டையை ஆகாசத்துலயா இட முடியும்?" என்றாள் செம்பி.

"பார்க்கத்தானே போறேன்! என் வித்தைக்கு ஏத்த ஊரா இருக்க வேணாமா? நாலு பேருக்கு என் பேர் தெரியணும் இல்ல?"

"நாலு பேர் இருக்கட்டும். நாலு முட்டைக்கு இடம் இருக்கான்னு பாருங்க."

இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழியில் தண்ணீர் குடிக்க ஒரு குட்டையில் இறங்கினார்கள். எருமை புரளுகிற குட்டை. கரையில் தலை போன பனைமரம் ஒன்று பட்டுப்போய் நின்றது. தண்ணீருக்குள் தவளைகள் பாடிக்கொண்டிருந்தன. பாட்டா அது! ஒருவர் தொடங்கும்போது அடுத்தவர் முடித்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் வேறு ஏதோ பாட்டில் இருந்தார்.

கொண்டையப்பனுக்குக் காது கூசியது. பொறுக்க மாட்டாமல் பனையில் போய் ஒட்டிக்கொண்டு தட்டினான். டொக், டொக், டொடொக்! கோயில் மணி மாதிரி பேசியது பனை. தவளைகள் அத்தனையும் தாளத்துக்குள் வந்து விழுந்தன. எருமை தலையை ஆட்டியது. பாட்டு முடிந்ததும் ஒரு கொக்கு, யாரும் சொல்லாமலே, ஒரு வாய் புழு கொண்டுவந்து வைத்தது.

"அண்ணே! இங்கேயே இருந்துடுங்கண்ணே!" என்றது கோஷ்டித் தலைவரான குண்டுத் தவளை. "மழைக்குள்ள பதினாறு கல்யாணம் வருது. தாளம் போட ஆளில்லாம ஒவ்வொரு கல்யாணத்துலயும் அடிதடிதான்!"

கொண்டையப்பன் செம்பியின் காதருகே குனிந்தான். "குட்டைக்கரை வித்வான்! சொல்லிப் பாரேன். வாயே கூசுது."

கிளம்பும்போது செம்பி பனையின் அடிப்பக்கம் அலகால் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டாள். அவ்வளவுதான்.

அங்கிருந்து ஒரு நாழிகை பறந்தால் சந்தனக்காடு. பேர் போன காடு. அங்கே ஒரு சபா. தோகைராயர் என்ற மயில் அதற்குக் காரியதரிசி. அவருக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. ஆகவே கச்சேரி யாருக்கு என்று முடிவு செய்கிற பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"வாசிக்க மரம் இருக்குங்களா?" என்று கேட்டான் கொண்டையப்பன்.

"இருக்கே, ஒண்ணு! மத்ததெல்லாம் பச்சை மரம். தட்டினா சத்தம் வராது, சாறுதான் வரும். அந்த ஒண்ணுக்கு அறுபது வித்வான்கள் வரிசையில நிக்கறாங்க. நீங்களும் நில்லுங்க. உங்களுக்கு உச்சிவெயில் நேரம்."

"சன்மானம்?" என்றாள் செம்பி.

தோகைராயர் அவளைப் பூரானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அம்மா, இது சந்தனக்காடு! இங்கே வாசிச்சார்ங்கிற பேரே சன்மானம். போதாததுக்குப் பொன்னாடை வேற உண்டு!"

கொண்டையப்பனுக்கு நெஞ்சு விம்மியது. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.

அவனுக்கு முன்னால் ஒரு கிழட்டு மரங்கொத்தி. அலகு தேய்ந்து மொட்டையாகியிருந்தது.

"ஐயா இங்கே எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் செம்பி.

"ஒன்பது வருஷம்மா."

"சாப்பாட்டுக்கு?"

"கேட்க வர்றவங்க கீழே சிந்தறது இருக்கே! அடுத்த வருஷம் எனக்குச் சாயங்கால நேரம் தர்றதா வாக்கு கொடுத்திருக்காங்க, தெரியுமா?"

"போன வருஷம் என்ன சொன்னாங்க?"

"இதையேதான் சொன்னாங்க!" என்றார் கிழவர், பெருமையாக.

வரிசை ஆறு நாள் நகர்ந்தது. தினமும் விடிந்ததும் செம்பி, "தண்ணி குடிச்சுட்டு வர்றேங்க" என்று போவாள். சாயங்காலம் திரும்பி வருவாள். அலகெல்லாம் மரத்தூளாக இருக்கும். கொண்டையப்பன் கவனிக்கவில்லை. கூட்டத்துக்கு வலது சிறகால் வணக்கம் சொல்வதா, இடது சிறகாலா என்ற பெரிய யோசனையில் இருந்தான்.

ஏழாம் நாள் மேடை கிடைத்தது. குயில் பாடியது, இவன் பக்கவாத்தியம். பாட்டு ஓய்ந்து இவன் தனியாக வாசிக்கிற கட்டம் வந்தது. முதல் தட்டுதான் தட்டியிருப்பான். கூட்டம் மொத்தமும் எழுந்தது!

"பார்த்தியா செம்பி! எழுந்து நின்னு மரியாதை!" கொண்டையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுந்த கூட்டம் நிற்கவில்லை. நேரே பின்பக்கம் நடந்தது. அங்கே புற்றிலிருந்து ஈசல் சுடச்சுடக் கிளம்பிக்கொண்டிருந்தது. தனியாக வாசிக்கிற நேரம் சாப்பிடுகிற நேரம் என்பது அந்தச் சபாவில் பரம்பரை வழக்கமாம். ஓர் ஓணான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் தோகைராயர் ஒரு வாழைப்பட்டையைப் பொன்னாடை என்று போர்த்தினார். மேடையை விட்டு இறங்கியதும் ஒரு குரங்கு வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனது. அடுத்த வித்வானுக்கு வேண்டாமா?

"இந்த ஊருக்கு ரசனை பத்தாது," என்றான் கொண்டையப்பன். "தைலமரத் தோப்புக்குப் போவோம். அமைதியான இடம். எல்லாரும் படிச்சவங்க."

தைலமரத் தோப்பு வரிசை வரிசையாக, பெருக்கி விட்டதுபோல இருந்தது. ஆந்தை வாசலுக்கே வந்து வரவேற்றது.

"வாங்க, வாங்க! கலைன்னா எங்களுக்கு உயிர்! அந்தக் காய்ஞ்ச மரம் உங்களுக்குத்தான். ஒரே ஒரு விஷயம். காலைல தட்டாதீங்க, நான் தூங்குவேன். மத்தியானம் வௌவால் தூங்கும். சாயங்காலம் முயல் பிள்ளைங்க படிக்கும். ராத்திரி மத்த எல்லாரும் தூங்குவாங்க."

"அப்போ நான் எப்பதான் வாசிக்கிறது?"

"மனசுக்குள்ள வாசிங்களேன்! நாங்க நல்லா ரசிப்போம்!"

கொண்டையப்பன் ஒரு பகல், ஓர் இரவு மனசுக்குள் வாசித்தான். மறுநாள் விடியலில் அலகு தினவெடுத்து, தன்னை அறியாமல் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டான். டொக்! அந்த ஓசை அடங்குவதற்குள் ஏழு புகார் வந்துவிட்டது. எட்டாவது புகாரை ஆந்தையே கொண்டுவந்தது.

தோப்புக்கு வெளியே ஒரு முள்மரத்தில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செம்பிக்கு வயிறு கனத்து மூச்சு வாங்கியது. கொண்டையப்பனின் கொண்டை படிந்துபோயிருந்தது.

"செம்பி, நாளைக்கு முட்டை. வீடு இல்லை. வேலை இல்லை. உன்னை நடுவழியில நிறுத்திட்டேனே!"

"அழுதா தாகம்தான் எடுக்கும். வாங்க, தண்ணி குடிச்சுட்டு யோசிக்கலாம்."

அவள் முன்னால் பறந்தாள். அவன் பின்னால் போனான். இறங்கிய இடம் அதே எருமைக் குட்டை! பட்ட பனையின் அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு பொந்து. அதன் கீழே மரத்தூள் குவிந்து கிடந்தது.

கொண்டையப்பன் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான். நாலு முட்டைக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

"இது எப்போ?"

"நீங்க வரிசையில நின்னீங்களே, அப்போ."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வணக்கம் போடற யோசனைல இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன். நீங்க ஊரைப் பார்த்தீங்க, நான் மரத்தைப் பார்த்தேன். பயப்படாதீங்க, மேல்பக்கத்துல அலகே வைக்கலை. உங்க ஏழு ஓசையும் பத்திரமா இருக்கு."

அதற்குள் குண்டுத் தவளை கரையேறிவிட்டது. "வந்துட்டீங்களா அண்ணே! அண்ணி வேலை முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம். இன்னைக்குச் சாயங்காலம் முதல் கல்யாணம்!"

மறுநாள் செம்பி நாலு முட்டை இட்டாள். கொண்டையப்பனுக்கு மூச்சுவிட நேரமில்லை. கல்யாணத்துக்குத் தாளம், நண்டு வளைகாப்புக்குத் தாளம், நாரைக் குஞ்சுகளுக்குப் பாடம். அவன் தனியாக வாசிக்கும்போது எருமை அசைபோடுவதைக்கூட நிறுத்திவிடும். வீடு நிறையப் புழு. ஆனாலும் யாராவது 'குட்டைக்கரை வித்வான்' என்று கூப்பிட்டால் அவன் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது.

ஒரு நாள் சந்தனக்காட்டிலிருந்து ஒரு கிளி, பெரிய தேக்கிலையில் அழைப்பிதழ் கொண்டுவந்தது.

"குட்டையில பெரிய வித்வான் இருக்கார்னு எங்க ராயர் காதுல விழுந்திருக்கு! உடனே கிளம்பணும்! இந்தத் தடவை உச்சிவெயில் இல்லை. அதுக்கு அரை நாழிகை தள்ளி!"

முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த கொண்டையப்பன் எழுந்துவிட்டான். சிறகு தானாக விரிந்தது. முட்டைகள் நாலும் ஆறத் தொடங்கின.

"சன்மானம்?" என்றாள் செம்பி.

"பேர்!" என்றது கிளி.

"வருவார், தாராளமா வருவார்! ஆனா இந்தப் பனையில வாசிச்சுப் பழகிட்டார். நீங்க பனையைத் தூக்கிக்கிட்டு முன்னால போங்க. அவர் பின்னாலேயே வருவார்!"

கிளி பனையை அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தது. இலையைக் கீழே போட்டுவிட்டுப் பறந்துபோயிற்று.

பிழைக்கப் போகிறவன் ஊரின் பேரைப் பார்த்துக் குடிபோகக் கூடாது, தன் வேலையைக் கேட்டு வாங்கிச் சோறு போடுகிற ஊரைப் பார்த்துத்தான் குடிபோக வேண்டும்.

செம்பி அந்த அழைப்பிதழை எடுத்தாள். நாலாக மடித்தாள். முட்டைகளுக்கு அடியில் மெத்தையாகச் செருகினாள். "பெரிய சபா அழைப்புங்க, ஆறிடப் போவுது! ஏறி உட்காருங்க!" என்று புருஷனைப் பிடித்து அதன்மேல் உட்கார வைத்தாள்.