ஆனைப்பாறைக்குக் குடிபோன நீர்நாய்கள்

காட்டாற்றின் வளைவில், நாணல் அடர்ந்த கரையில், ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. அப்பா சடையன். அம்மா வடிவு. ஒரே மகள் சுழலி.

ஆற்றில் மீனுக்குக் குறைவில்லை. சடையன் முங்கினால் வாயில் மீனோடுதான் எழுவான். சுழலியும் அப்படித்தான். அப்பாவும் மகளும் தண்ணீரில் இறங்கிவிட்டால் பொழுது போவதே தெரியாது. வடிவுதான் கரையில் நின்று கத்துவாள்.

"மேல வாங்க ரெண்டு பேரும்! அவளுக்குப் பாடம் இருக்கு!"

ஆற்றங்கரையிலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை ஓர் ஆமை நடத்தியது. பிள்ளைகள் வந்தால் சொல்லிக்கொடுக்கும். வராவிட்டால் வெயில் காயும். சுழலி அங்கே போய் வந்தாள். எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள்.

"வடிவு, உன் பொண்ணு கெட்டிக்காரி! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீர்ந்துபோச்சு. இனி இவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கிறது?" என்று ஆமை ஒருநாள் சிரித்தது.

ஆமை விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனால் அன்றிலிருந்து வடிவுக்குத் தூக்கம் போயிற்று.

காட்டின் மறுபக்கத்தில் ஆனைப்பாறை இருந்தது. அதன் அடிவாரத்தில் சிங்கராசா நடத்தும் பாறைப்பள்ளி இருந்தது. அங்கே படித்து முடித்தவர்களுக்கு அரசவையில் வேலை. அது மட்டுமல்ல. அவர்களைப் புலியும் தொடக் கூடாது, சிறுத்தையும் தொடக் கூடாது என்பது ராசாவின் ஆணை. சின்ன விலங்குகளுக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது?

ஆனால் அங்கே சேருவது எளிதல்ல. இருப்பதோ பத்தே இடம். அதற்குத் தேர்வு உண்டு. அந்தத் தேர்வை எழுதவும் ஒரு விதி உண்டு. ஆனைப்பாறையைச் சுற்றி ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

"அங்கேயே குடிபோயிடலாம்!" என்றாள் வடிவு.

சடையன் வாயிலிருந்த மீனைக் கீழே போட்டான். "பாறைக்கா? நாம நீர்நாய், வடிவு. பாறையில நமக்கு என்ன வேலை?"

"நமக்கு ஒண்ணும் வேலை இல்லை. அவளுக்கு இருக்கு. போன கோடையில சிறுத்தை உங்க தங்கச்சியைத் தூக்கிட்டுப் போச்சே, மறந்துட்டீங்களா? என் பொண்ணுக்கு அப்படி ஆகக் கூடாதுங்க!"

சடையன் மகள் பக்கம் திரும்பினான். சுழலி நாணலுக்குள் ஒரு நண்டைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனைப்பாறை அடிவாரத்தில் ஓர் உடும்புக்கு வளை இருந்தது. வடிவு அதைத் தேடிப் போனாள்.

"வளைதானே? தாராளமா எடுத்துக்கோம்மா!" என்றது உடும்பு. "பதிலுக்கு உங்க ஆத்தங்கரை வளையை எனக்குக் கொடுத்துடு. எனக்கும் வயசாகுது. குளிர்ச்சியா இருக்கும்."

"பக்கத்துல தண்ணி உண்டா?"

"சுனை இருக்கே! கோடையிலயும் வத்தாது!"

தண்ணீர் உண்டா என்று கேட்ட வடிவு, மீன் உண்டா என்று கேட்கவில்லை. கேட்காததை உடும்பும் சொல்லவில்லை. பேச்சு முடிந்தது. வளைக்கு வளை கைமாறியது.

ஆனைப்பாறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சுனை இரண்டு முழம் அகலம். அதில் தவளை உண்டு, பாசி உண்டு. மீன் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அங்கே குடிவந்தது இவர்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு பொந்திலும் ஒரு குடும்பம். முயல், கீரி, மரநாய், சருகுமான். எல்லாம் எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவை. பக்கத்துப் பொந்தில் ஒரு புனுகுப்பூனை இருந்தது.

"என் பையன் தூக்கத்துலகூடக் காட்டுச் சட்டத்தை ஒப்பிக்கிறான்! உங்க பொண்ணு எப்படி?" என்று அது முதல் நாளே கேட்டது.

 வடிவு அன்றே சுழலியைப் படிக்க உட்கார வைத்தாள். காட்டுச் சட்டம், காற்றின் மணம், மண்ணில் பதிந்த தடம். விடிந்தது முதல் இருட்டும் வரை அதே பேச்சு. சுழலி மறுக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தாள். ஆனால் தண்ணீர் காணாத அவள் தோல் வறண்டு வெடித்தது. முதுகில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது.

"அம்மா, ஒரே ஒரு நாள் அப்பாகூட ஆத்துக்குப் போயிட்டு வரட்டுமா?"

"தேர்வு முடியட்டும். அப்புறம் நாள் பூரா நீந்தலாம்!"

சடையன் மீனுக்காக ஆற்றுக்கு நடந்தான். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு பெரிய வெட்டவெளி. மரம் கிடையாது, புதர் கிடையாது. குட்டைக் கால்களோடு அதைக் கடந்துபோய், மீன் பிடித்து, மறுபடி கடந்து வர வேண்டும். களைத்துப் போன நாட்களில் அவன் ஆற்றங்கரை நாணலிலேயே படுத்துவிடுவான்.

ஒருநாள் முள்ளம்பன்றி வந்தது. பாறைப்பள்ளிக்காகக் குடியிருப்பைச் சோதிக்கும் அதிகாரி அதுதான். வளைக்குள் மூக்கை நீட்டி முகர்ந்தது.

"அம்மா வாசனை இருக்கு. பொண்ணு வாசனை இருக்கு. அப்பா வாசனை லேசாத்தானே இருக்கு! அவர் இங்க தங்குறாரா, இல்லையா?"

"தங்குறாருங்க! மீன் பிடிக்கப் போயிருக்காரு!"

"ஆத்துல ஒரு வளை, இங்க பேருக்கு ஒரு வளைன்னு ஏமாத்துறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். தினமும் ராத்திரி அவர் இங்கதான் படுக்கணும். அடுத்த தடவை வாசனை குறைஞ்சா உங்க பொண்ணு தேர்வுக்கு வர வேண்டாம்!"

அதன் பிறகு சடையன் ஒரு நாளும் ஆற்றங்கரையில் தங்கவில்லை. கால் வெடித்து ரத்தம் கசிந்தாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பினான். மழைக்காலம் கழிந்தது. முள்ளம்பன்றி மறுபடி வந்தது, முகர்ந்தது, தலையாட்டிவிட்டுப் போனது.

தேர்வுக்கு முந்தைய நாள் வந்தது.

"இன்னிக்கு நான் போகலை, வடிவு," என்றான் சடையன். "வெட்டவெளிக்குச் செந்நாய்க் கூட்டம் வந்திருக்கு. ஆள்காட்டிக் குருவி நேத்தே எச்சரிச்சுது. ரெண்டு நாள் தவளையைத் தின்னு சமாளிப்போம்."

"உங்களுக்கும் எனக்கும் தவளை போதுங்க. நாளைக்கு அவளுக்குத் தேர்வு! வெறும் வயித்தோட நின்னா எப்படிப் பதில் சொல்லுவா? ஒரே ஒரு விரால் மீன். இவ்வளவு நாள் கஷ்டப்பட்டது இந்த ஒரு நாளுக்குத்தானே?"

சடையன் மகளைப் பார்த்தான். அவள் விலா எலும்புகள் எண்ணும்படி தெரிந்தன.

"சரி. போயிட்டு வர்றேன்," என்று கிளம்பினான்.

பொழுது சாய்ந்தது. சடையன் வரவில்லை. வடிவு வளைக்கு வெளியே வந்து நின்றாள். அப்போது ஆள்காட்டிக் குருவி பறந்து வந்து எதிரே உட்கார்ந்தது. அது கத்தவில்லை. அதைப் பார்த்ததுமே வடிவுக்குப் புரிந்துவிட்டது.

"நான் தொண்டை கிழியக் கத்தினேன், வடிவு. அவரும் கேட்டாரு. வாயில ஒரு பெரிய விரால். அதைப் போட்டுட்டு ஓடியிருந்தா பாறை இடுக்குக்குள்ள புகுந்திருப்பாரு. போடுங்க போடுங்கன்னு கத்தினேன். அவர் போடவே இல்லை."

வடிவு அலற வாயைத் திறந்தாள்.  உள்ளே சுழலி சட்டம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் வடிவு வாயை மூடிக்கொண்டாள்.

"இது என் பொண்ணு காதுல விழக் கூடாது," என்றாள் மெல்ல. "நாளைக்குத் தேர்வு முடியற வரைக்கும்."

"கத்துறதுக்குன்னே பிறந்தவ நான். என்னையா வாயை மூடச் சொல்றே?"

"உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். அவர் உயிரைக் கொடுத்தது எதுக்கு? இப்ப அவ தேர்வு எழுதலைன்னா அதுவும் வீணாயிடும்!"

 குருவி கத்தாமலே பறந்து போயிற்று.

வடிவு முகத்தைச் சுனை நீரில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்பா எங்கேம்மா?"

"ஆத்துல வெள்ளமாம். தண்ணி வடிஞ்சதும் வந்துடுவாரு. நீ படி."

"அப்பா வெள்ளத்துக்குப் பயப்பட மாட்டாரே!"

"படின்னு சொன்னேன்ல!"

சுழலி படித்தாள்.

மறுநாள் தேர்வு. தலைமையாசிரியரான மிளா மான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டது. பெற்றவர்கள் பாறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புனுகுப்பூனையின் மகன் ஐந்தாவது சட்டத்தில் திக்கினான். முயல்குட்டி அழுதுவிட்டது. சுழலி ஒன்றையும் விடவில்லை.

கடைசிக் கேள்விக்கு மிளா பிள்ளைகளை வெட்டவெளியின் ஓரத்துக்கு அழைத்துப் போனது. ஈர மண்ணில் தடங்கள் பதிந்திருந்தன.

"நேத்து சாயங்காலம் இந்தப் பக்கமா யார் போனாங்க? பார்த்துச் சொல்லுங்க!"

பிள்ளைகள் விழித்தன. சுழலி குனிந்து பார்த்தாள். பாறைமேல் நின்ற வடிவு ஓரடி முன்னால் வைத்தாள். போய் மகளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போகவில்லை.

"செந்நாய்ங்க, ஐயா!" என்று சுழலி கணீரென்று சொன்னாள். "கூட்டமா வந்திருக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் முன்கால் ஆழமா பதிஞ்சிருக்கு. வாயில கனமா எதையோ தூக்கிட்டுப் போயிருக்கு. அப்போதான் வேட்டை முடிஞ்சிருக்கும்!"

"பலே!" என்றது மிளா. "இப்படிக் கண் உள்ள பிள்ளையை நான் பார்த்ததே இல்லை! முதல் இடம் உனக்குத்தான்!"

சுற்றி நின்ற விலங்குகள் எல்லாம் ஆரவாரம் செய்தன. சுழலி குதித்து ஓடி வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"அம்மா! முதல் இடம்! வாங்க, எதிர்ல போய் அப்பாகிட்ட சொல்லலாம்! இந்நேரம் வந்துக்கிட்டிருப்பாரு!"

வடிவு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இதற்கு மேல் மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

சுழலி அழவில்லை.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"நான் கேட்டப்போ வெள்ளம்னு சொன்னீங்க."

"நீ கலங்கிடக் கூடாதுன்னுதான்டி கண்ணு... உன் நல்லதுக்குத்தான்..."

சுழலி வெட்டவெளிப் பக்கம் திரும்பினாள். 

"அப்போ அந்தத் தடம்?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.



சில நாள் கழித்து வடிவு ஆற்றங்கரைக்குப் போனாள். பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வளை வாசலை அடைத்துக்கொண்டு உடும்பு படுத்திருந்தது.

"மாத்திக்கிட்டது மாத்திக்கிட்டதுதாம்மா!" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னது.

ஆமையையும் காணவில்லை. பிள்ளைகளெல்லாம் ஆனைப்பாறைக்குப் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு எங்கோ போய்விட்டதாம்.

வடிவு ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு, வெட்டவெளியைத் தனியாகக் கடந்து திரும்பினாள். மகள் முன்னால் வைத்தாள். சுழலி அதைத் தொடவில்லை. எழுந்துபோய்ச் சுனையில் தவளை பிடித்துத் தின்றாள். அன்று மட்டும் அல்ல. அதன் பிறகு அவள் மீனே தின்னவில்லை. நீந்தவும் இல்லை.

ஆனால் பள்ளிக்கு ஒழுங்காகப் போனாள். எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள். மாலையில் வளைக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

"இன்னிக்கு என்ன பாடம்டா, கண்ணு?" என்று வடிவு தினமும் கேட்பாள்.

"நடந்துச்சு," என்பாள் சுழலி. அவ்வளவுதான். அம்மா என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

புனுகுப்பூனை மட்டும் வடிவை எங்கே பார்த்தாலும் பெருமூச்சு விடும்.

"உங்களுக்கு என்னங்க குறை! பொண்ணு பாறைப்பள்ளியில படிக்கிறா! இனிமே எந்த மிருகமும் அவகிட்ட நெருங்காது!"

"ஆமா," என்பாள் வடிவு. "யாரும் நெருங்க முடியாது."

பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று பிள்ளையைக் கேட்காமலே அதன் உறவையும் உண்மையையும் விலையாகக் கொடுப்பவர்கள், தேடிய இடத்தைப் பிடித்துவிடலாம்; ஆனால் பிள்ளையை இழந்துவிடுவார்கள்.