சிரித்து முடியாத வாய்

சத்தியம்! ஊரே கேட்கச் சொல்கிறேன், அத்தனையும் சத்தியம்! ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிஞ்சியிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும்.

பேராசிரியர் குணபாலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பனங்காட்டு மடத்துக்குள் நுழைந்தார்.

“சாமி, என் பொண்ணு மேல தப்பு இருக்கா இல்லையா? நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல நான் பதில் சொல்லியாகணும்.”

சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன பண்ணுச்சு?”

“வகுப்புல ஒரு பிள்ளையை நாலஞ்சு பேர் கிண்டல் பண்ணிப் பண்ணியே பள்ளிக்கூடத்துக்கே வரவிடாம பண்ணிட்டாங்க. எங்க நிறைமதி கை ஓங்கலை, ஒரு வார்த்தை சொல்லலை. கூட நின்னு சிரிச்சாளாம். அதுக்குப் போய் அவளுக்கும் டிசி குடுப்போம்ங்கிறாங்க!”

“பிள்ளைங்க ஏன் பிள்ளைங்களை வதைக்குதுன்னுதானே வாத்தியாரே, நீர் ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினது?”

“ஆமா சாமி. வதைக்கிறவங்க, வதைபடுறவங்க, சும்மா இருக்கிறவங்கன்னு பிரிச்சிருக்கேன்.”

“சிரிக்கிறவங்க?”

“அவங்களைச் சும்மா இருக்கிறவங்கள்ல சேர்த்துட்டேன்.”

சாமி கீரைக் காம்பைத் தூக்கி எறிந்தார்.

“முதல்ல சாப்பிடும்.”

பந்தி உட்கார்ந்தது. மடத்தில் பரிமாறுகிறவர் மாசிலாமணி. ஒரு கால் சூம்பியவர். ரச வாளியோடு சாய்ந்து சாய்ந்து வந்தார்.

சாமி இலையை விட்டு எழுந்தார். மாசிலாமணியின் பின்னாலேயே, அதே சாய்வு, அதே இழுப்பு, நடந்து காட்டினார்.

பந்தி குலுங்கியது. ஒருவருக்குப் புரையேறியது.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சாமி காலை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

“அடடா! சிரிப்பு நின்னாத்தான் இந்தக் கால் நேராகும். யாரோ இன்னும் சிரிக்கிறாங்க.”

பந்தி கப்சிப். ரசத்தில் மிதந்த கறிவேப்பிலைகூட அசைய மறுத்தது. கால் அப்படியே.

குணபாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமிக்கு வாதமா? நாடகமா? இடப்பக்கம் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் தலை குனிந்திருந்தது. வலப்பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“யாரு சாமி சிரிக்கிறது?”

“எனக்கென்ன தெரியும்? நான் ஒரு எட்டோட நிறுத்தியிருப்பேன். சத்தம் கேட்டுது. அடுத்த எட்டு வெச்சேன்.”

குணபாலன் வாயைத் துடைக்கத் துண்டை எடுத்தார். உதடு இரண்டும் காது வரைக்கும் இழுத்துக்கொண்டு நின்றன.

இலையை மூடாமலே எழுந்து ஓடினார்.

கிணற்றடியில் மாசிலாமணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“நீங்க என்ன சார் பண்ணீங்க? சும்மாதானே இருந்தீங்க.”

 குணபாலனுக்குப் பின்னால் சாமியும் நொண்டிக்கொண்டே வந்து வரிசையில் நின்றார்.

குணபாலன் தள்ளிப்போய் வீட்டுக்கு போன் போட்டார்.

“நிறைமதி, அன்னைக்கு எவ்வளவு நேரம்மா சிரிச்சே?”



“அவ அழற வரைக்கும்ப்பா.”

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். ஒரு பல் லேசாக ஆடுகிறது.