கைப்பேசிக்குள் இருந்த இடிமண்டை ராயன்

வாழைமட்டையூருக்கு செல்போன் டவர் வந்த வருஷத்தில், இனிமேல் நாமும் உலகத்தோடு சேர்ந்துவிட்டோம் என்று அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உலகம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் வையாபுரி. தங்கமான மனுஷர். அரிசியைக் கொடுத்தால் மாவாகத் தருவார். மாவைக் கொடுத்து அரிசியாகத் தரச் சொன்னாலும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார், சாயங்காலம் வந்து பாருங்கள் என்பார். அவருக்கு இருந்த ஒரே கவலை மகள் செண்பகத்தின் கல்யாணம். வந்த வரன்களெல்லாம் ஊர்க்காரர்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று வண்டியேறிப் போனவர்கள்தான். கடைசியாகக் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் அமைந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தானா ராயன் வந்து சேர வேண்டும்.

இடிமண்டை ராயன் டிவியில் மல்யுத்தம் செய்கிற வில்லன். எதிராளி சாமி கும்பிடும்போது பின்னாலிருந்து மடக்கு நாற்காலியால் அடிப்பான். நடுவர் தலையில் வாளியைக் கவிழ்ப்பான். காசு கொடுத்துப் பார்க்க வந்த ஜனங்களையே திட்டுவான். அவனைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டம் கத்தியது, அவனை மாதிரி உண்டா என்று இன்னொரு கூட்டம் கத்தியது. இதற்கு நடுவில் யாரோ ஒருவர், அவன் விரலை நீட்டி முறைக்கிற படத்துக்குக் கீழே ‘உன்னைத்தான். உட்காரு’ என்று எழுதி விட்டுவிட்டார். அது போன் போனாகத் தாவியது. ஆளாளுக்கு வாசகத்தை மாற்றி எழுதினார்கள். இதற்கு மீம் என்று பேர். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவார்கள்.

உள்ளூர்க்காரர் சடையாண்டியின் அக்கா மகன் திருப்பூரில் வேலை பார்த்தான். அவன் அதை வாழைமட்டையூர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார்கள்.

வையாபுரி மில்லுக்குள் தவிட்டின் மேல் உட்கார்ந்தார். அவருடைய மச்சான் அழகிரி, நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், சேற்றிலேயே உட்கார்ந்தார். சடையாண்டிக்குத்தான் சிக்கல். அவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வயல் வரப்போரம் மெதுவாக மிதித்துக்கொண்டே அழகிரியிடம் யோசனை கேட்டார்.

“மச்சான், நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான இருக்கேன். எனக்கு இது பொருந்துமா?”

அழகிரி சேற்றில் இருந்தபடி யோசித்தார். “நீ உட்கார்ந்தது அவர் சொல்றதுக்கு முன்னாடி. அது உன் இஷ்டத்துக்கு உட்கார்ந்தது. ஒரு தடவை எழுந்திரிச்சு, அவர் சொன்னதுக்காக மறுபடியும் உட்காரு.”

நியாயமாகத்தான் பட்டது. சடையாண்டி ஓடுகிற சைக்கிளில் எழுந்து நின்றார். அதன் பிறகு அவர் உட்கார்ந்தது வாய்க்காலுக்குள்.

சாயங்காலம் வரை ஊரே அசையவில்லை. அப்புறம் அடுத்த படம் வந்தது. அதே விரல், அதே முறைப்பு. ‘போய்க் குளிடா’ என்று போட்டிருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து மில் வாசலில் கூடினார்கள்.

“குளிங்கடான்னு சொல்லல. குளிடான்னு சொல்லியிருக்கார்” என்றார் வையாபுரி. “அப்போ ஒருத்தர்தான் குளிக்கணும்.”

“டான்னு போட்டிருக்கறதால பொம்பளைங்களுக்கு இல்ல” என்று அவர் மனைவி கோமதி நிம்மதியாகச் சொன்னாள்.

“தப்பான ஆள் குளிச்சிட்டா?” என்று அழகிரி கேட்டார்.

நாற்காலி அடி வாங்கினவர்களை எல்லோரும் டிவியில் பார்த்திருந்தார்கள். பேசிப் பேசிக் கடைசியில், ஏற்கெனவே நனைந்திருப்பதால் சடையாண்டியே குளித்ததாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முன்னெச்சரிக்கையாக, ஊரில் இருந்த மடக்கு நாற்காலிகளை எல்லாம் பொறுக்கிக் கிணற்றில் போட்டார்கள். ராயன் வந்தால் அடிக்க எதுவும் அகப்படக் கூடாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கோமதி கேசரி கிண்டினாள். செண்பகம் பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டு வண்டி தெருமுனையில் திரும்புகிற நேரத்தில், ஊரில் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சிணுங்கியது.

‘வாயை மூடு.’

வையாபுரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேசினாலே அமையாத சம்பந்தம், பேசாமல் எப்படி அமையும்? ஆனால் மகள் கல்யாணத்தையும் பார்க்க வேண்டும், மண்டையையும் பார்க்க வேண்டும். உதட்டை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் உள்ளே வந்தார்கள். நாற்காலி இல்லாததால் கோதுமை மாவு மூட்டைகளில் உட்காரவைக்கப்பட்டார்கள்.

“பொண்ணு பேரு என்னங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். அவருக்குப் பேர் தெரியும். பேச்சை ஆரம்பிக்கக் கேட்டார்.

வையாபுரி வெளியே ஓடினார். செண்பகப் பூவைக் கொண்டுவந்து காட்டலாம் என்று பார்த்தார். அந்தத் தெருவில் செண்பக மரம் கிடையாது. எதுவானாலும் மரம்தானே என்று ஒரு கொத்து முருங்கைக்கீரையை ஒடித்துவந்து நீட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா கீரையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, “வேற யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

கூடம் நிறைய ஆள் இருந்தது. எல்லோரும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். சடையாண்டிக்கு அன்றைக்கென்று ஜலதோஷம், மூக்கும் அடைத்திருந்தது. முகம் சிவந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கணவரிடம், “அடக்கமான குடும்பம்” என்று கிசுகிசுத்தாள்.

அப்போது வண்டியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் உள்ளே நுழைந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. நிலைப்படியில் இடிக்காமல் இருக்க நன்றாகக் குனிந்துதான் வர வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்ததும் வையாபுரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதே புருவம், அதே மூக்கு.

“வணக்கமுங்க” என்றார் வந்தவர். பூனைக்குட்டி பேசினால் அப்படி இருக்கும். “என்னங்க, யாருமே பேச மாட்டேங்கறீங்க? பேசுங்க.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அழகிரி உர விலையைச் சொன்னார். கோமதி கேசரிக்கு எவ்வளவு நெய் ஊற்றினாள் என்று சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஒவ்வொருத்தராப் பேசுங்க” என்றார் தாய்மாமன். உடனே எல்லோரும் உயர வரிசைப்படி நின்றார்கள்.

வையாபுரி போனை எடுத்து அவரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“இது நான்தானுங்க. டிவில அது என் பொழப்பு, நடிப்பு. இந்தப் படத்துல இருக்கற எழுத்தெல்லாம் எவனெவனோ எழுதி விடறது. நான் யாரையும் குளிக்கச் சொல்லல, வாயை மூடச் சொல்லல. நீங்க இதையெல்லாம் நம்பாதீங்க.”

வையாபுரி ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அழகிரியையும் சடையாண்டியையும் கூட்டிக்கொண்டு புழக்கடைக்குப் போனார்.

“நான்தான்கிறாரே, நம்பலாமா?”

“எப்படி நம்பறது?” என்றார் அழகிரி. போனைத் தூக்கிப் பிடித்துப் படத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். “இந்த ஆள் கட்டைவிரல் உசரம். உள்ள நிக்கறவர் தலை உத்தரத்துல இடிக்குது.”

“ஆனா மூக்கு அதேதான்” என்றார் சடையாண்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“அதே மூக்கு, ஆள் மட்டும் சின்னது.” வையாபுரி வானத்தைப் பார்த்து யோசித்தார். அவருக்குச் சட்டென்று வெளிச்சமாயிற்று. “இவர் அப்பா. அது பையன்.”

மூவருக்கும் பாரம் இறங்கியது. பையன் செய்கிற அட்டகாசத்துக்கு அப்பா பழியை ஏற்றுக்கொள்ளப் பார்த்திருக்கிறார். பெற்ற மனசு.

உள்ளே வந்ததும் வையாபுரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “ஐயா, நீங்க எவ்வளவு தன்மையா இருக்கீங்க. உங்க பையன் அப்படி இல்லீங்க. போனுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுப் பெரியவங்க சின்னவங்க பார்க்காம விரலை நீட்டறான். கொஞ்சம் கண்டிச்சு வைங்க.”

மாப்பிள்ளை கேசரியை விழுங்க முடியாமல் இருமினார். தாய்மாமன் வாயைத் திறந்து எதையோ சொல்லவந்தவர் யோசித்தார். எந்த ஊருக்குப் போனாலும், ஏன் சாமி கும்பிட்டவனைப் பின்னாலிருந்து அடித்தாய் என்று பஸ் ஸ்டாண்டிலேயே மறித்துத் திட்டுவார்கள். டீக்கடையில் கண்ணாடி டம்ளர் தர மாட்டார்கள், உடைத்துவிடுவான் என்று. இங்கேதான் முதன்முதலாக எல்லாப் பழியும் வேறொருவன் தலையில் விழுந்திருக்கிறது.

“கண்டிக்கறேனுங்க” என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “அக்கா, இந்தப் பொண்ணுதான். வேற எடம் பார்க்க வேண்டாம்” என்றார். தாய்மாமன் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது. அப்போதே தட்டு மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா முருங்கைக்கீரையையும் தட்டில் வைத்தார்.

அவர்கள் வண்டியில் ஏறும்போது கோமதி உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். ஒரு சின்னத் துணியைத் தாய்மாமன் உள்ளங்கையில் வைத்தாள். ஜாக்கெட் பிட்டில் தைத்த சட்டை. கை, காலர், பை எல்லாம் இருந்தது. மொத்தமே கட்டைவிரல் அளவு.

“பையன் எந்நேரமும் வெறும் உடம்போட நிக்கறானுங்கண்ணே. பார்க்கப் பாவமா இருந்துச்சு. ராத்திரியே உட்கார்ந்து தைச்சேன், யார்கிட்ட குடுத்தனுப்பறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு.”

ராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தான் கூட வைத்திருந்தாள், கடுகுதான். கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. வையாபுரி பின்னாலேயே ஓடி ராயன் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி, சட்டை லூசா இருந்தா பிடிக்கச் சொல்லிடாதீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, பெரிய போனா வாங்கிடறோம்.”