நீள்செவியாரும் நாவல் மரத்து அணிலும்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, காட்டுக்கு மட்டும் படிப்பு வேண்டாமா? அங்கே இசைத் துறையில் பாடம் நடத்தியவர் ஒரு முயல். காது நீளம் என்பதால் எல்லோரும் அவரை நீள்செவியார் என்றே அழைத்தார்கள்.

எந்த ஒலியைக் கேட்டாலும் அது என்ன சுரம் என்று அவர் உடனே சொல்லிவிடுவார். மூங்கில் உரசினாலும் சொல்வார், பலாப்பழம் விழுந்தாலும் சொல்வார். அதுவரை சரி. யார் பேசினாலும் சொல்வார் என்பதுதான் வம்பு.

ஒருநாள் மைனா அவரைத் தேடி வந்தது. "ஐயா, என் பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க அவசியம் வரணும்" என்றது.

"'வரணும்' என்று முடித்தீர்களே, அங்கே சுருதி இறங்கிவிட்டது. மறுபடி சொல்லுங்கள்" என்றார் நீள்செவியார்.

மைனா மறுபடி சொல்லவில்லை. கல்யாணம் என்றைக்கு என்றுகூடச் சொல்லாமல் பறந்துபோனது.

இப்படியே ஒவ்வொருவராக அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வகுப்பு முடிந்தால் தனியாகப் புதருக்கு வருவார், தனியாகப் புல் தின்பார், தனியாகப் படுப்பார். 'நம்மைத் தேடி ஏன் யாரும் வருவதில்லை?' என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு அணில். புதருக்கு மேலே நாவல் மரத்தில் அது குடியிருந்தது. தினமும் காலையில் தவறாமல் கிளையிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்.

"மத்திம சுரத்தில் தொடங்குகிறாய், தம்பி" என்பார் அவர்.

அணில் சிரித்துக்கொள்ளும். மறுநாளும் கேட்கும்.

மழைக்காலத்தில் ஒருநாள் செவிப்பயிற்சித் தேர்வு நடந்தது. காதில் விழும் ஒலியின் சுரத்தை மாணவர்கள் எழுத வேண்டும். அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீர் இரைச்சலில் சொல் புரியவில்லை.

நீள்செவியாரின் காதுகள் நிமிர்ந்தன. "ஆகா, என்ன சுத்தமான ஒலி! எல்லோரும் எழுதுங்கள்!"

மயில் எழுதியது. குரங்கு மயிலைப் பார்த்து எழுதியது. எந்தத் தேர்விலும் தேறாத சருகுமான் மட்டும் கடைசி வரிசையில் எழுந்து நின்றது.

"ஐயா, யாரோ அழுற மாதிரி இருக்கு."

"அழுகையா சிரிப்பா என்பது பாடத்தில் இல்லை. சுரத்தைச் சொல்."

"சுரம் தெரியலைங்க ஐயா. நான் போய்ப் பார்க்கிறேன்."

"போனால் உனக்கு முட்டைதான்!"

சருகுமான் ஓடியே விட்டது. அந்தக் குரல் இன்னும் நாலு முறை கேட்டது. "பஞ்சமம், மேல் ஷட்ஜம்! பிசகவே இல்லை!" என்று நாலு முறையும் துள்ளினார் நீள்செவியார். பிறகு குரல் நின்றுவிட்டது. எழுதிய எல்லோருக்கும் இருபதுக்கு இருபது.

மாலையில் அவர் வீடு திரும்பியபோது, நாவல் மரத்தடியில் அணில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சருகுமான் நின்றது.

"என்ன ஆச்சு தம்பி?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு இளம்புல் பறிக்கப் போனேன். வழுக்கி விழுந்துட்டேன். ஒரு வேரைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். இந்தப் பொண்ணுதான் வந்து இழுத்துப் போட்டுச்சு."

நீள்செவியார் அணிலின் பக்கத்தில் குனிந்தார். "அது உன் குரலா? நான் கேட்டேனே தம்பி!"

"கேட்டீங்களா?" அணில் அவரையே பார்த்தது. "உங்களைத்தான் கூப்பிட்டேன். 'அண்ணே, அண்ணே'ன்னு."

அன்றைக்கே அணில் சருகுமான் இருக்கும் பக்கமாகக் குடிபோய்விட்டது.

மறுநாள் காலை நீள்செவியார் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கிளையைப் பார்த்தார். அந்தக் கேள்வி எந்தச் சுரத்தில் தொடங்கும், எதில் முடியும் என்று அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஒருநாள்கூட அதற்குப் பதில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இல்லை தம்பி, இன்னும் சாப்பிடலை. நீ?" என்றார் மெதுவாக.

கிளையில் யாரும் இல்லை.

நீதி: எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஆராயும் முன், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்.